சைனம்புவின் சாடியை நான் திருடிய கதை

சைனம்புவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவளிடம் போக வேண்டுமானால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் வாழ்க்கையின் குறுக்கே தொண்ணூறு கிலோ எடையில் நான் கிடந்தேன். ஆகவே முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சிமோன். அப்பா காரைக்காலிலிருந்து போலீஸ் வேலைக்குக் கப்பலேறி சைகோனுக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்தவன். பிரெஞ்சுக்காரன் காலத்தில் எனக்குக் கோர்ட்டில் நகல் எழுத்தர் உத்தியோகம். ஒரு காகிதத்தில் இருப்பதை இன்னொரு காகிதத்தில் அப்படியே எழுத வேண்டும். அடியில் 'மூலத்தின்படி சரியான நகல்' என்று போட்டு, மூலம் எந்தக் கோப்பில் இருக்கிறது, யார் எழுதியது, என்ன தேதி என்று குறித்துக் கையெழுத்திட வேண்டும். பதினான்கு வருஷத்தில் அந்தக் குறிப்பை ஒருநாள்கூட நான் விட்டதில்லை. விட்டால் தலைமை எழுத்தர் காகிதத்தை முகத்தில் விட்டெறிவார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எது மூலம், எது நகல் என்று தெரியாத அப்பாவி நான் என்று பின்னால் யாரும் எனக்காக வக்காலத்து வாங்கிவிடக் கூடாது.

1955-இல் பிரெஞ்சுக்காரன் மூட்டையைக் கட்டினான். கோர்ட்டில் வியத்நாமியர் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு இருந்த நாற்காலியில் என்னைவிட இளைத்த ஒருவன் உட்கார்ந்தான். நான் ஒரு பழைய டைப்ரைட்டரையும் மடக்கு மேஜையையும் தூக்கிக்கொண்டு தபாலாபீஸ் எதிரே நடைபாதைக்கு வந்துவிட்டேன். மனு எழுத்தர்! பிறப்புப் பதிவு, கடை உரிமம், கல்யாண அறிவிப்பு, மரண அறிவிப்பு, மேலதிகாரிக்கு மன்றாட்டு, எல்லாம் எழுதுவேன். தமிழில் சொல்வார்கள், நான் பிரெஞ்சிலோ, அமெரிக்கர்கள் வந்த பிறகு ஒருமாதிரி ஆங்கிலத்திலோ தட்டிக் கொடுப்பேன்.

இந்தத் தொழிலில் எல்லோரிடமும் ஒரு மாதிரி நோட்டு இருக்கும். நல்ல வாசகம் எங்கே கண்ணில் பட்டாலும் அதில் எழுதி வைத்துக்கொள்வோம். 'தங்கள் மேலான சமூகத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்', 'தங்கள் கருணையை எதிர்நோக்கும்' என்பதெல்லாம் யார் முதலில் எழுதினார்கள் என்று பிரம்மாவுக்கே தெரியாது. அவை ஊர்க்கிணற்றுத் தண்ணீர்; யாரும் சேந்தலாம். என் கெட்ட காலம், ஊர்க்கிணற்றுக்கும் அடுத்த வீட்டுக் குடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் நாளடைவில் மறந்துவிட்டேன்.

அறிகுறி முன்னமே தெரிந்தது. ஒருமுறை நோட்டிலிருந்த ஒரு மரண அறிவிப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பினேன். செத்தவர் கல்யாணமே செய்துகொள்ளாத பிரம்மச்சாரி. 'பதினொரு பேரக்குழந்தைகளைக் கதறவிட்டு' அவர் போனதாக ஊரெல்லாம் படித்தது. மாரியம்மன் கோயில் வாசலில் என்னைக் கண்டவரெல்லாம், "பதினொண்ணும் எங்க இருக்குங்க, சிமோன்?" என்று கேட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்ததோடு விட்டதுதான் தப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காரைக்கால், பாண்டிச்சேரியெல்லாம் இந்தியாவோடு சேர்ந்தபோது, நம்மவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருக்கப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. சைகோனில் பாதிப் பேருக்கு அந்த மனுவை நான்தான் எழுதினேன். என் மனுவை எழுத மறந்தேன். கெடு முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. இப்படிப்பட்ட புத்திசாலி.

இனி சைனம்பு.

சைனம்பு காரைக்காலில் பிறந்து, பதினாறு வயதில் நிக்காஹ் ஆகி, புருஷனோடு சைகோனுக்கு வந்தவள். புருஷனுக்குப் பென் தான் என்கிற சந்தைக்குப் பக்கத்தில் துணிக்கடை. பிள்ளை இல்லை. புருஷனுக்கு வேறொரு வீடும் இருந்தது. அங்கே ஒரு வியத்நாமியப் பெண். இது சைனம்புவுக்குத் தெரியும், தெரியும் என்று காட்டிக்கொள்ள மாட்டாள். 1963-இல் அந்த மனிதர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு அந்தப் பெண் ஒரு கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். குழந்தையைச் சைனம்புவின் மடியில் கொடுத்து, சந்தைவரை போய் வருகிறேன் என்றாள். போனவள் போனவள்தான். கொஞ்ச நாளில் போரில் எங்கோ செத்துவிட்டதாகச் சேதி மட்டும் வந்தது.

குழந்தை பெயர் லான். சைனம்பு பெயரை மாற்றவில்லை. "அவ பெத்தவ வச்ச பேரு, அத நான் ஏன் மாத்தணும்?" என்பாள். கடை கைவிட்டுப் போயிற்று. கால்வாய்க்கு அந்தப் பக்கம் கான் ஹோய்யில் ஒரு தகரக்கூரை வீட்டுக்குப் போனாள். பள்ளிவாசல் தெருவில் விசேஷம் என்றால் பெரிய பெரிய தேகா அண்டாக்களில் சோறு ஆக்குவாள். நெய்ச்சோறும் தாளிச்சாவும் அவள் கைப்பக்குவத்துக்கு ஈடில்லை. அந்தத் தெருவின் பெயரை அரசாங்கம் மாறும்போதெல்லாம் மாற்றினார்கள். சைனம்புவின் தாளிச்சா மாறவில்லை. லானைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். பிள்ளை தெருவில் வியத்நாமியம் பேசும். வீட்டில் காரைக்கால் தமிழ் பேசும். இவளை 'உம்மா' என்று கூப்பிடும்.

1975 ஏப்ரலில் வடக்கு வியத்நாம் படை சைகோனைப் பிடித்தது; எல்லாம் முடிந்தது. அல்லது தொடங்கியது, அவரவர் பார்வை. நம்மவர்கள் ஊர் திரும்ப ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றார்கள். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், அங்கே இருந்தவர்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இந்தியாவிலிருந்து வந்த வடக்கத்தி அதிகாரி ஒருவர். கண்ணாடி, நரைத்த மீசை, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. சைனம்புவுக்குத் தாராளமாக இடம் உண்டு என்றார். லானுக்கு? பிறப்புப் பதிவில் அப்பன் பெயர் இல்லை, தாய் பெயர் வேறு. "இந்தப் பெண் உன் மகள் என்பதற்கு என்ன ஆதாரம்? எழுதிக் கொண்டு வா" என்றார். மகள் இல்லாமல் சைனம்பு விமானம் ஏற மாட்டாள். பதின்மூன்று வயதுப் பெண்ணை இந்த ஊரில் தனியாக விட்டுப் போவதாவது!

ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி என் மேஜைக்கு வந்தாள். நான் நோட்டைத் திறந்து தமிழில் எழுதிக்கொண்டே வந்தேன், பிறகு ஆங்கிலத்தில் தட்டுவதற்காக.

"என்ன ஆதாரம்னு கேட்டா நான் என்னத்தண்ணே சொல்ல? அறுபத்தெட்டுல ராக்கெட்டு வந்து விழுந்திச்சே, அன்னிக்கு எங்க ஓடுறதுன்னு தெரியல. கொல்லையில மழத்தண்ணி புடிக்கிற பெரிய லூ இருந்திச்சு. புள்ளைய அதுக்குள்ள எறக்கிட்டேன். தண்ணி அது கழுத்து மட்டுக்கும் இருந்திச்சு. மூடி இல்ல. நான் மேல ஏறி மூடியா ஒக்காந்துட்டேன். விழுறது என் மேல விழட்டும்னு. சத்தம் நிக்கிற மட்டும் ஒக்காந்திருந்தேன். வேற ஆதாரம் எங்கிட்ட இல்ல."

லூ என்றால் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் ஆளுயர மண்சாடி. அவள் சொல்லி முடித்து, நோட்டில் அந்தப் பக்கத்தின் கீழே கைநாட்டு வைத்தாள். நான் அந்தப் பக்கத்தை மறுபடி ஒருமுறை படித்தேன். இருபது வருஷமாக ஆயிரக்கணக்கில் மனு எழுதியிருக்கிறேன், ஒரு வரிகூட என்னை அழவைத்ததில்லை. 'நான் மூடியாக உட்கார்ந்தேன்.' அடடா! இதல்லவா எழுத்து என்று தோன்றியது. அந்தத் தோன்றலில் விஷம் இருந்தது, அப்போது தெரியவில்லை.

அவள் மனு உடனே போகவில்லை. வட்டார ஆபீஸிலிருந்து குடியிருப்புச் சான்று ஒன்று வர வேண்டும். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று மூன்று மாதம் இழுத்தார்கள். அந்த மூன்று மாதமும் சாடி என் நோட்டில் சும்மா கிடந்தது.

செப்டம்பரில் ஆதப்பன் வந்தார். செட்டிநாட்டுக்காரர், வியத்நாமிய மனைவி, இரண்டு பையன்கள். மனைவியையும் பையன்களையும் கூட்டிப் போக வேண்டும். "ஏதாச்சும் மனசு உருகறாப்பல எழுதுங்க" என்றார். உங்கள் வாழ்க்கையில் உருகுகிற மாதிரி என்ன நடந்தது என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் நடக்கலீங்களே" என்றார். நான் நோட்டைப் புரட்டினேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! ஆதப்பன் பையன்களைச் சாடியில் இறக்கிவிட்டு மேலே மூடியாக உட்கார்ந்தார்.

மனு ஒரே வாரத்தில் ஏற்கப்பட்டது. அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். ஆதப்பன் பழத்தட்டோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பேனாவுல சரஸ்வதி குடியிருக்கா" என்றார். சுற்றி நாலு பேர் நின்றார்கள். அந்த இடத்தில், 'அது என் பேனா இல்லீங்க, சைனம்பு சொன்னது' என்று ஒரு வரி நான் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. பழம் நன்றாக இருந்தது, வாயை அதற்குக் கொடுத்துவிட்டேன்.

பிறகென்ன. "ஆதப்பனுக்குப் போட்டீங்களே, அந்த எழுத்து எனக்கும் போடுங்க" என்று வந்தார்கள். அக்டோபருக்குள் ஐந்து பேர் சாடிமேல் உட்கார்ந்துவிட்டார்கள். ஆறாவது ஆள் யார் தெரியுமா? நானேதான். காரைக்காலில் என் தங்கை இருந்தாள். எனக்கும் போக ஆசை. எந்த நாட்டுக்காரன் என்பதே சந்தேகமாக இருந்ததால், என்னை ஒரு நல்ல மனிதனாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளை ஒன்றைக் காப்பாற்றியதாக எழுதிக்கொண்டேன். என் எடையை முன்பே சொன்னேன். நான் உட்கார்ந்திருந்தால் சாடியும் மிஞ்சியிருக்காது, பிள்ளையும் மிஞ்சியிருக்காது. எழுதும்போது இது எனக்கு உறைக்கவே இல்லை என்றால் நம்புவீர்களா? இரவல் புடவையில் இது நல்ல கொசுவம் என்று பார்த்துப் பார்த்து அழகுபடுத்தினேன். சாடியில் ஒரு தாமரை வேறு வரைந்திருந்ததாகச் சேர்த்தேன்.

நவம்பர் நடுவில் சைனம்புவின் சான்று வந்தது. மனுவைக் கொடுத்தாள். அடுத்த வாரம் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். பின்னால் லான். சைனம்புவின் முக்காடு கண்வரை இழுத்திருந்தது.

"இல்லன்னுட்டாங்கண்ணே. நான் சொன்னது பொய்யாம். எல்லாரும் இதத்தான் எழுதுறாங்களாம். இந்தப் புள்ள முன்னாடி வச்சு என்னப் பொய்க்காரின்னாங்கண்ணே."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பு மசியில் எழுதியிருந்தது: 'இந்தச் சாடியை நான் ஏழாவது முறையாகச் சந்திக்கிறேன். நிராகரிக்கப்படுகிறது.'

அவளுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. தான்தான் எதையோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்திருந்தாள். நானாவது அங்கேயே காலில் விழுந்தேனா? அதுதான் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "போவட்டும் சைனம்பு, வேற ஒண்ணு எழுதுவோம். வேற கதையாச் சொல்லு" என்றேன். என் வாயால் சொன்னேன் ஐயா, இந்த வாயால்.

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"வேற கதைக்கு நான் எங்கண்ணே போவேன்? எனக்கு நடந்தது அதுதானே."

அவளை அனுப்பிவிட்டு டைப்ரைட்டருக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, பயம்தான் கொஞ்சம் அதிகம். சொன்னால் என் மனு போய்விடும், இருக்கிற பேரும் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு தாய் பொய்க்காரியாகவே இருப்பாள், அந்தப் பிள்ளை இங்கேயே நிற்கும். பதினான்கு வருஷம் நகலுக்கு நகல் மூலத்தைக் குறித்துக் கொடுத்த கை இது. கோர்ட்டில் அந்த ஒரு வரி ஏன் அவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நகல் பெருகப் பெருக மூலம் செத்துப்போகும். அது எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்காவிட்டால், கடைசியில் மூலத்தையே நகல் என்று தூக்கி எறிந்துவிடுவார்கள்.

மறுநாள் காலை மாதிரி நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதிகாரியிடம் போனேன். ஒரு தாளில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருந்தேன். சாடி, சைனம்புவுடையது, ஆகஸ்டு பன்னிரண்டு, நோட்டில் நாற்பத்தோராம் பக்கம், கைநாட்டு உள்ளது. ஆதப்பன் மனுவில் மூன்றாம் பத்தி, எடுத்தவன் சிமோன். இப்படியே ஆறு. அவர் முழுவதும் படித்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"தாமரை?"

"அது மட்டும் என்னுடையதுங்க ஐயா."

அவர் சிரிக்கவில்லை. "நீ பொய்யன் என்று நீயே ஒப்புக்கொள்கிறாய். அப்படியானால் நீ இப்போது சொல்வதை நான் ஏன் நம்ப வேண்டும்? இந்த நோட்டையும் நேற்று ராத்திரி நீ உண்டாக்கியிருக்கலாமே" என்றார். நான் நோட்டைப் புரட்டினேன். ஆயுள் முழுக்க அடுத்தவர்களுக்காக வாதாடியவன், எனக்கு வேண்டிய நேரத்தில் நோட்டில் தேடினால்கூட ஒரு வாசகம் கிடைக்கவில்லை.

பிறகு என் மனுவை எடுத்தார். ஒரு சிவப்புப் பென்சிலையும் நீட்டினார். "இதில் உன்னுடையது அல்லாததை எல்லாம் அடி" என்றார். உட்கார்ந்து அடித்தேன். முதலில் சாடியை அடித்தேன். அதற்கு முன்னால் இருந்த பத்தி, 1958-இல் யாரோ ஒருவர் தன் தேசபக்தி பற்றிச் சொன்னது. கடைசிப் பத்தி ஒரு பாதிரியாருடைய பிரசங்கம். மூன்று பக்க மனு. முடித்தபோது மிஞ்சியது என் பெயர், விலாசம், 'தட்டெழுத்துத் தெரியும்' என்ற ஒரு வரி. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்போது நம்பத் தகுந்ததாக இருக்கிறது" என்று மேஜையறைக்குள் போட்டுக்கொண்டார். இன்றுவரை அது அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சைனம்புவையும் லானையும் கூட்டி வரச் சொன்னார். ஆதப்பனுடையது எப்போதோ ஏற்கப்பட்டுவிட்டது; மற்ற நாலு பேர் மனுவையும் திரும்பக் கொடுத்து, அவரவருக்கு நடந்ததை எழுதிக்கொண்டு வரும்படி சொன்னார்.

செவ்வாய்க்கிழமை. முதலில் லானை மட்டும் உள்ளே அழைத்தார். என் உதவி வேண்டாமாம்; அந்த ஆபீஸின் வியத்நாமியக் குமாஸ்தா மொழிபெயர்த்தான். நான் மூலையில் நின்றேன். சாடி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு வியத்நாமியத்தில் சொன்னது: இருட்டாக இருந்தது. தண்ணீர் குளிர்ந்தது. உம்மா மேலே உட்கார்ந்தபடி ஒரு கையை உள்ளே விட்டுப் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே சத்தம் கேட்கக் கேட்க, பயத்தில் அந்தக் கையைக் கடித்துவிட்டது. வலது கை. விடவே இல்லை. உம்மாவும் கையை எடுக்கவே இல்லை.

இது என் நோட்டில் இல்லை. சைனம்பு சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால் இதையும் ஆறு பேருக்குப் பரிமாறியிருப்பேன், சந்தேகமே வேண்டாம்.

லானை வெளியே அனுப்பிவிட்டுச் சைனம்புவை அழைத்தார். தமிழுக்கு நான்தான். "அவள் சொல்வதை மட்டும் சொல். ஒரு சொல் கூட்டினாலும் குறைத்தாலும் விசாரணை முடிந்தது" என்றார். தலையாட்டினேன். முதல் கேள்வியே என் தலையில் விழுந்தது.

"இந்த ஆள் உன் கதையைத் திருடி ஆறு பேருக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்கிறான். உனக்குத் தெரியுமா என்று கேள்."

கேட்டேன். என்னைப் பற்றி நானே, ஒரு சொல் குறைக்காமல். சைனம்பு முக்காட்டை விலக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பது வருஷப் பழக்கம். அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை.

"தெரியாதுன்னு சொல்லுங்க. அந்தப் பேச்ச நான் வெளிய போயி வச்சிக்கிறேன்னும் சொல்லுங்க."

சொன்னேன்.

"சாடிக்குள் பிள்ளை என்ன செய்தது?"

"அழுதிச்சு."

"வேறே?"

"வேற என்ன? சின்னப் புள்ள. அழுதிச்சு, அவ்வளவுதான்."

கடித்ததைச் சொல்லடி பாவி என்று நாக்கு துடித்தது. இருபது வருஷமாக அடுத்தவர் வாயில் வார்த்தையைத் திணித்தே பிழைத்த நாக்கு. ஒரு குறிப்பு, ஒரு கண்ஜாடை போதும். கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அழுதது, அவ்வளவுதான்" என்று மொழிபெயர்த்தேன். வேர்வை காதோரம் ஒழுகிற்று.

அதிகாரி வலது கையைக் காட்டச் சொன்னார். அவள் கை முக்காட்டுக்குள் போயிற்று. மறுபடி சொன்னார். நீட்டினாள். பெருவிரலுக்குக் கீழே சதையில் பிறைவடிவில் ஒரு தழும்பு. சின்னச் சின்னப் பல் பதிந்த குழி தனித்தனியாகத் தெரிந்தது.

"இது என்ன?"

சைனம்பு யோசிக்கவே இல்லை. "கறி நறுக்கையில அருவாமணை பட்டிச்சு."

போச்சு! அத்தனை நாள் உண்மை சொல்லிப் பொய்க்காரி என்று பெயர் வாங்கியவள், நம்பப் போகிற நேரத்தில் பொய் சொல்கிறாள். பிள்ளை கடித்தது என்று ஒரு அந்நியனிடம் சொல்லிப் பிள்ளைமேல் குறை வைக்க மாட்டாளாம். ஒரு சொல்லை மாற்றினால் காப்பாற்றிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்படி மாற்றி மாற்றித்தானே இந்த இடத்துக்கு வந்து நிற்கிறோம் என்றும் தோன்றியது. "கறி நறுக்கும்போது அரிவாள்மணை பட்டது என்கிறாள்" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே ஒழுங்கான நகல் அது. பொய்யின் நகல்.

அதிகாரி அந்தக் கையைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு முத்திரையை இழுத்து மையில் ஒற்றினார். "இந்த அம்மாள் என்னிடம் இன்றைக்குத்தான் முதல் முறையாகப் பொய் சொல்கிறாள். தாய் என்று எழுதிக்கொள்" என்று குமாஸ்தாவிடம் சொன்னார். இதை மொழிபெயர்க்க என்னால் முடியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

வெளியே புளியமரத்தடியில் லான் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது. சைனம்பு என்னிடம் வந்தாள். அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பேனேண்ணே. அந்த மனுசங்களுக்கும் புள்ள குட்டி இருக்கு. சைனம்புன்னு ஒருத்திக்கு இப்படி நடந்திச்சு, அதப் போல எங்க புள்ளையும் எங்களுக்குன்னு எழுதிட்டுப் போங்களேன், நான் வேணாம்னா சொல்லப்போறேன்? அவங்களுக்கு நடந்திச்சு, உங்களுக்கு நடந்திச்சுன்னு எழுதிட்டீங்க. அப்ப எனக்கு என்னண்ணே நடந்திச்சு?"

மன்னிச்சிடு என்றேன். அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சிக்லோ ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டாள். டிசம்பரில் இருவரும் விமானம் ஏறினார்கள்.

மற்ற நாலு பேருக்கும் புதிதாக எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை நோட்டைத் திறக்கவில்லை. கேள்விமேல் கேள்வி கேட்டு அவரவர் சொன்னதை அவரவர் பெயரில் எழுதினேன். ஒருவர் பத்து வருஷமாக மனைவிக்குத் தலைவலி மாத்திரை வாங்கிக் கொடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. மாத்திரை பெயரோடு அதையே எழுதினேன். மூன்று பேருக்குக் கிடைத்தது, ஒருவருக்குக் கிடைக்கவில்லை. நான் இங்கேயே இருக்கிறேன். இப்போது ஊருக்குப் பெயர் வேறு. மேஜை அதே இடத்தில்தான்.

இதை எழுதி முடித்ததும் அச்சுக்கோ மற்றவர் கண்ணுக்கோ போகும் முன், காரைக்காலுக்கு ஒரு நகல் அனுப்பி வைத்தேன். உன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன், உன் பெயரைப் போட்டிருக்கிறேன், சம்மதமா என்று கேட்டேன். இந்த வயதில் கற்றுக்கொண்ட மரியாதை. நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது; அது சொன்ன திருத்தத்தை மேலே செய்துவிட்டேன். லானின் கையெழுத்து, தமிழ் எழுத்துக்கள் உருண்டையாக, ஒன்றோடொன்று இடிக்காமல் இருந்தன.

'மாமாவுக்கு. நீங்கள் எழுதியதை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சாடியைப் பற்றி எழுதிக்கொள்ளலாம், ஆனால் தாளிச்சாவைப் பற்றி இவ்வளவு குறைவாக எழுதியிருக்க வேண்டாம். இது உம்மா சொன்னது. தழும்பு இடது கை என்று எழுதியிருக்கிறீர்கள். வலது கை, மாற்றிவிடுங்கள். இது உம்மா சொன்னது அல்ல. உம்மா இன்னமும் அரிவாள்மணை என்றுதான் சொல்கிறாள். இது நான் சொல்வது. கடித்தவள் நான்.'